வடக்கு எழுந்து நடந்தபோது

கூனன்மலைக்குக் கிழக்கே, மலையடிவாரத்தில் இருக்கிற சருகுப்பட்டியில், ஆடி மாதத்து இரண்டாம் செவ்வாய்க்கிழமை, காலை ஏழு மணி இருக்கும், வீரசின்னம்மாள் இட்லிக்கு மாவு கரைத்துக்கொண்டிருந்த வேளையில் வடக்கு வந்து அவளிடம் தங்கிவிட்டது. அன்றுமுதல் ஆற்றுப்பாலத்துக்கு இந்தப் பக்கம் உள்ள ஏழு ஊரிலும் எந்தத் திசைகாட்டியை எடுத்துப் பார்த்தாலும், அது பள்ளிக்கூடத்து அலமாரியில் தூசி படிந்து கிடப்பதானாலும் சரி, கைபேசிக்குள் ஒளிந்திருப்பதானாலும் சரி, ஊசி வடக்கைக் காட்டாமல் வீரசின்னம்மாளைக் காட்டியது. அவளோ மாவைக் கரைத்து, இட்லியை ஊற்றி, புருஷன் செல்லப்பாண்டியைச் சாப்பிடவைத்து, பாத்திரத்தையும் கழுவிக் கவிழ்த்த பிறகுதான் விஷயத்தைக் கேள்விப்பட்டாள்.

வந்து சொன்னவர் வாஸ்து பார்க்கிற கதிரேசன். மேலத்தெருவில் ஒரு மனையில் நின்று திசை பார்த்தவருக்கு ஊசி ஒரு நிலையில் நிற்கவில்லை. அது போகிற போக்கிலேயே அவரும் போய், இரண்டு சந்து தாண்டி, ஒரு கோழிக்கூண்டைச் சுற்றிக்கொண்டு, கடைசியில் வீரசின்னம்மாளின் அடுப்படி வாசலில் வந்து நின்றார். அவள் இடப்பக்கம் நகர்ந்தாள், ஊசி இடப்பக்கம் நகர்ந்தது. வலப்பக்கம் நகர்ந்தாள், அதுவும் நகர்ந்தது.

"தாயி, எந்தொழில்ல மண்ணள்ளிப் போட்டுட்டியே" என்றார் கதிரேசன்.

"நான் என்னண்ணே செஞ்சேன், மாவுதானே கரைச்சேன்" என்றாள் அவள்.

ஊர் அரைநாள் ஆச்சரியப்பட்டது. மறுபாதி நாளில் மாட்டுக்குத் தீவனம் வைக்கிற வேலை இருந்ததால் ஆச்சரியத்தை அதோடு நிறுத்திக்கொண்டு, இதனால் நமக்கு என்ன இடைஞ்சல், என்ன லாபம் என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டது. பார்சல் கொண்டுவருகிறவர்கள் கைபேசியில் வழி பார்த்துப் பார்த்துக் கடைசியில் அவள் வீட்டுக்கே வந்து நின்றார்கள்; அவள் ஒரு செம்புத் தண்ணீர் கொடுத்து, சரியான வீட்டைக் காட்டி அனுப்பினாள். செல்லப்பாண்டி ஒரு சின்னத் திசைகாட்டியை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். பெண்டாட்டி எங்கே போயிருக்கிறாள் என்று யாரிடமும் கேட்கத் தேவையில்லாத புருஷன் ஏழு ஊரிலும் அவர் ஒருவர்தான்.

ஆனால் வீடு கட்டுகிறவர்கள் என்ன செய்வது? சூரியன் உதிக்கிற பக்கத்தைப் பார்த்துத் திசை சொல்லத் தெரியாத ஊரா அது? தெரியும்தான். ஆனாலும் கதிரேசன் பித்தளைப் பெட்டியைத் திறந்து, கண்ணைச் சுருக்கி, ஊசியைப் பார்த்துச் சொன்னால்தான் கட்டுகிறவனுக்குத் திருப்தி, கதிரேசனுக்குக் கௌரவம். ஆகவே கதிரேசனே ஒரு வழி கண்டுபிடித்தார். மனைக்கு நேர் வடக்கே கொண்டுபோய் வீரசின்னம்மாளை உட்காரவைத்துவிட்டால் ஊசி அவளைக் காட்டும், அவள் வடக்கே இருப்பதால் அது வடக்கைக் காட்டினதாகவும் ஆகிவிடும். அப்படியே நடந்தது. அஸ்திவாரம் என்றால் வடக்கே, கிணறு என்றால் வடக்கே, ரேஷன் கடைக்குப் புதுக் கட்டிடம் என்றால் அன்றைக்கும் வடக்கே. வெற்றிலை பாக்கும் ரவிக்கைத் துணியும் வாழைப்பழமும் தட்டில் வைத்துக் கூப்பிடுவார்கள். அவள் போய் ஊர் எல்லையில் ஏதாவதொரு மரத்தடியில் பொழுது சாயும்வரை அசையாமல் உட்கார்ந்திருப்பாள். வடக்கே உட்காரப் போவது என்றே அதற்குப் பெயர் விழுந்துவிட்டது, சின்னப்பிள்ளைகள் அவளை வடக்கக்கா என்று கூப்பிட்டன. எல்லோரும் மரியாதையாகத்தான் உட்காரவைத்தார்கள். மரியாதையாக உட்காரவைத்தாலும் உட்காரவைப்பது உட்காரவைப்பதுதான்.

மதுரையிலிருந்து வருகிற மலைநடைக் கழகத்துக்காரர்களும் அதையே செய்தார்கள். மாதம் ஒரு தடவை பட்டணத்து ஆட்களைக் கூட்டிவந்து, நிலப்படத்தையும் திசைகாட்டியையும் வைத்துக்கொண்டு வழி கண்டுபிடிக்கவும், கட்டிடமோ குடிசையோ இல்லாத வெட்டவெளியில் ஒரு ராத்திரி கூடாரம் போட்டுத் தங்கவும் பழக்கிக் கொடுப்பது அவர்களுடைய வேலை. வடக்கு வருவதற்கு முன்பிருந்தே அவர்களுக்குச் சட்டி சுமந்து சோறாக்கிக் கொடுத்தவள் வீரசின்னம்மாள். வடக்கு வந்த பிறகு, விடியுமுன்னே அவளைத் தனியாக மேலே அனுப்பி, கூனன்மலையின் இரண்டு கூன்களில் வடக்கே இருக்கிற பெரிய கூனின் உச்சியில் உட்காரச் சொல்லிவிடுவார்கள். கழகத்தார் சின்னக் கூன் பக்கமிருந்து ஊசியைப் பார்த்துப் பார்த்து ஏறி வருவார்கள். ஊசி பிசகாது. அவர்கள் சிரிப்பதும் கூப்பிட்டுக்கொள்வதும் கீழே எங்கோ கேட்டுக்கொண்டிருக்கும், அவள் மட்டும் சட்டியோடு பாறைமேல் காத்திருப்பாள்.

இப்படி இரண்டு வருஷம். அந்த இரண்டு வருஷத்தில், அப்பளக் கட்டைச் சுற்றி வந்த ஒரு தாள் அவளுக்குத் துணையாக இருந்தது. அது கழகத்தாருடைய நிலப்படத்தின் நகல். ஒரே உயரத்தில் இருக்கிற இடங்களையெல்லாம் ஒரே கோடாக இழுத்திருக்கும் அந்தப் படம் முதலில் பார்த்தபோது அவளுக்குக் கட்டைவிரல் ரேகை மாதிரி இருந்தது. அப்புறம் பொழுது போகாமல் படத்தையும் மலையையும் மாற்றி மாற்றிப் பார்த்ததில், கோடு நெருங்கினால் மூச்சு வாங்கும், கோடு விலகினால் கால் ஆறும், கோடு உள்ளே வளைந்தால் அங்கே தண்ணீர் இறங்கும் என்று ஒவ்வொன்றாகப் பிடிபட்டது. ஆறு மாதத்தில் அவள் அந்தத் தாளைப் படிக்காமலேயே படித்தாள். ஒரு வருஷத்தில், தன்னால் முன்னால் நடக்க முடியும் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்துவிட்ட பிறகு பாறையில் உட்காருவது முள்மேல் உட்காருவதாக ஆகிவிட்டது.

வழிகாட்டி அட்டை வேண்டும் என்று அவள் கேட்டது கழகத்து எபநேசர் சாரிடம். அறுபத்திரண்டு வயது, நில அளவையில் வரைபடம் வரைந்து ஓய்வு பெற்றவர், ஒரு மில்லிமீட்டர் பிசகினால் ராத்திரி தூக்கம் வராத மனுஷர். அட்டைக்கான தேர்வு வைத்து, படிவத்தில் கையெழுத்துப் போடுகிறவர் அவர்தான். அந்த அட்டை இல்லாமல் யாரும் மலைக்கு ஆள் கூட்டிப் போக முடியாது.

"வழிகாட்டின்னா முன்னால நடக்கணும்மா" என்றார் அவர். "நீ முன்னால நடந்தா எல்லா ஊசியும் உன் முதுகைத்தானே காட்டும்? உன் கையில இருக்கிற ஊசி உன்னையே காட்டும். நீ எதைப் பார்த்து நடப்ப?"

"தரையைப் பார்த்து நடப்பேன் சார்."

"சட்டத்துல திசைகாட்டி இருக்கணும்னு இருக்கு."

"இருக்கணும்னுதானே இருக்கு சார். மடியில முடிஞ்சு வச்சுக்கிறேன்."

எபநேசர் சார் சட்டப் புத்தகத்தை எடுத்து இரண்டு தடவை படித்தார். அவள் சொன்னது சரியாக இருந்தது, அது அவருக்குப் பிடிக்கவில்லை. படத்தில் மூன்று இடங்களில் பெருக்கல் குறி போட்டு நீட்டினார். மூன்று இடத்துக்கும் மூன்று பேரைக் கூட்டிப்போய், மூன்றாவது இடத்தில் ராத்திரி தங்கி, மறுநாள் இறங்க வேண்டும். ஓர் இடம் தவறினாலும் இனி இந்தப் பேச்சை எடுக்கக் கூடாது, பாறைக்கே திரும்பிவிட வேண்டும் என்றார். அவள் சரி என்றாள். சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தவளுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

தேர்வு நாளன்று வந்தவர்கள் மதுரையில் வங்கியில் வேலை பார்க்கிற ரிஸ்வானாவும், சிவகாசியில் காலண்டர் அச்சகம் வைத்திருக்கிற ஒரு அண்ணன் தம்பியும். எபநேசர் சார் எல்லோருக்கும் பின்னால் வந்தார். சருகுப்பட்டி முழுக்க அடிவாரத்துக்கு வந்து வழியனுப்பியது. வடக்கு தெற்குப் பக்கமாக ஏறிப் போவதை அவர்கள் அதுவரை பார்த்ததில்லை.

"காம்பஸைப் பைக்குள்ள போடுங்க" என்றாள் வீரசின்னம்மாள். "காலு என்ன சொல்லுதுன்னு கேளுங்க. இடது காலு உசரத்துல இருக்கா, வலது காலு உசரத்துல இருக்கா? தண்ணிச் சத்தம் எங்குட்டுக் கேக்குது? அம்புட்டுத்தான்."

இடது காலும் வலது காலும் ஒரு முறை வைத்தால் ஓர் இரட்டை எட்டு; நூறு மீட்டருக்கு அவளுக்கு அப்படி எழுபத்திரண்டு எட்டு. எழுபத்திரண்டு முடிந்ததும் வலது மடியிலிருந்து ஒரு புளியங்கொட்டையை இடது மடிக்கு மாற்றுவாள். எத்தனை கொட்டை மாறியதோ அத்தனை நூறு மீட்டர். மூன்று பேருக்கும் அவரவர் எட்டை அளந்து சொல்லி, ஆளுக்கு ஒரு பிடி கொட்டை கொடுத்தாள். இப்படியே ஓடையைக் கடந்து, ஈத்தம்புதருக்குள் நுழைந்து, ஊசிப்புல் சேலையெல்லாம் அப்பிக்கொள்ள, பகல் பதினோரு மணிக்கு ஓடை இரண்டாகப் பிரிகிற முதல் புள்ளியில் நின்றாள். இரண்டரை மணிக்கு இரண்டு கூன்களுக்கும் நடுவிலுள்ள பள்ளத்தில் இரண்டாவது புள்ளியில் நின்றாள். அங்கே தம்பி தன் கொட்டைகளை எண்ணிப் பார்த்துவிட்டு, "நானும் சரியா வந்துட்டேன்" என்று குதித்தார். அண்ணன் வழியில் இரண்டு கொட்டையை வாயில் போட்டு மென்றுவிட்டதால் அவருடைய கணக்கில் இருநூறு மீட்டர் குறைந்தது.

சாயங்காலம் ஐந்தரைக்கு, சரிவில் பாய் விரித்ததைப்போல இருந்த ஒரு சமதரையில் அவள் சுமையை இறக்கினாள். மூன்றாவது புள்ளி இதுதான் என்றாள். அதன் வலப்பக்கம், முந்நூறு அடி தள்ளி, மலையை மேலிருந்து கீழாக யாரோ ஓங்கி வெட்டியதைப்போல ஒரு பிளவு இறங்கியது. ஊரில் அதற்கு அரிவாள்வெட்டு என்று பெயர். விழுந்த மாட்டின் சத்தம்கூட மேலே வராது. பிளவின் அக்கரையில் இடி விழுந்த மொட்டை மரம் ஒன்று நின்றது. அங்கே போக வேண்டுமானால் மேடு ஏறி, வெட்டு தொடங்குகிற தலைமாட்டைச் சுற்றித்தான் போக வேண்டும்.

அவர்கள் தண்ணீரோட்டத்துக்கு எட்டிக் கூடாரம் போட்டார்கள், தரையில் தீ மூட்டாமல் சின்ன அடுப்பில் சுக்குக்காப்பி வைத்தார்கள், கட்டுச்சோறு சாப்பிட்டு இலையையும் காகிதத்தையும் ஒன்றுவிடாமல் பைக்குள் கட்டினார்கள். எபநேசர் சார் படத்தைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், படத்தை மடித்துத் தலைக்கடியில் வைத்துப் படுத்துக்கொண்டார்.

நன்றாக விடிந்தபோது மலையைக் காணவில்லை. பனிமூட்டம் கூடாரத்துக்குள்ளேயே வந்து உட்கார்ந்திருந்தது. நீட்டின கை மணிக்கட்டோடு முடிந்தது. எபநேசர் சார் படுத்திருந்த இடம் காலியாகக் கிடந்தது.

"கிழக்கு வெளுக்கும்போதே எந்திரிச்சார்க்கா" என்றாள் ரிஸ்வானா. "அப்ப மூட்டம் இல்ல. மொட்டை மரத்துகிட்ட நின்னா ரெண்டு கூனும் தெரியும், இந்த இடம் சரிதானான்னு ஒரு தடவை பார்த்துட்டு வர்றேன்னு சொல்லிட்டுப் போனார்."

அப்போது விசில் கேட்டது. ஆறு ஊதல், ஒரு நிறுத்தம், மறுபடி ஆறு ஊதல். தொலைந்தவன் ஊதுகிற ஊதல். அது மேலேயும் கீழேயும் எல்லாப் பக்கமும் பாறையில் பட்டுத் திரும்பி வந்தது. அண்ணனும் தம்பியும் ஆளுக்கொரு பக்கம் பார்த்து, "சார்! சார்!" என்று கத்தினார்கள். பாறைகளும் சார் சார் என்றன.

வீரசின்னம்மாள் படத்தை விரித்து, கூடாரத்தில் ஒரு விரலும் மொட்டை மரத்தில் ஒரு விரலும் வைத்தாள். இரண்டு விரலுக்கும் நடுவில் அரிவாள்வெட்டு கிடந்தது. மூட்டத்துக்குள் மாட்டிக்கொண்ட எபநேசர் சார் என்ன செய்வார்? இங்கும் அங்கும் அலைந்து, வெட்டுக்கு எந்தப் பக்கம் நிற்கிறோம் என்பதே அவருக்குக் குழம்பியிருக்கும். அவர் கையில் திசைகாட்டி இருக்கிறது. ஊசி வீரசின்னம்மாளைக் காட்டுகிறது, அவள் கூடாரத்தில் இருக்கிறாள், ஆகவே ஊசி போகிற பக்கம் நேராக நடந்தால் கூடாரம் வந்துவிடும் என்றுதான் அவர் புத்தி சொல்லும். நேராக வருவார். அவர் விழுந்தால் அவரைக் கூப்பிட்டு இழுத்து விழவைத்தவள் தானல்லவா என்று நினைத்தபோது அவளுக்கு உட்கார்ந்திருந்த அத்தனை நாளின் கோபமும் மறந்துபோய் பயம் மட்டும் மிஞ்சியது.

விசில் நின்றுவிட்டது. ஊதுகிறவன் ஊதுவதை நிறுத்தினால் நடக்க ஆரம்பித்துவிட்டான் என்று அர்த்தம்.

"யாரும் இந்த இடத்தை விட்டு அசையக் கூடாது. கத்தவும் கூடாது" என்றாள்.

"நீங்க எங்கக்கா போறீங்க?" என்று கேட்டாள் ரிஸ்வானா.

"அவரு நேரா வந்தாலும் விழாத எடத்துக்கு."

வடக்கு எழுந்து நடந்தது. கண்ணால் ஆக வேண்டியது ஒன்றுமில்லை என்பதால் கண்ணை மூடிக்கொண்டே நடந்தாள். நேரே மேடு, இரண்டு காலும் ஒரே உயரத்தில் இருந்தால் நேரே மேடு. வலது கால் தாழ்ந்தால் வெட்டின் பக்கம் சாய்கிறோம், இடப்பக்கம் ஒதுங்கு. எழுபத்திரண்டு, ஒரு கொட்டை. கோரைப்புல் ஈரம் முழங்கால்வரை ஏற, எழுபத்திரண்டு, இரண்டாவது கொட்டை. வலப்பக்கமிருந்து ஒரு குளிர்ந்த மூச்சு கன்னத்தில் பட்டது, அது வெட்டின் மூச்சு, இன்னும் பக்கத்தில்தான் இருக்கிறது. எழுபத்திரண்டு, மூன்றாவது கொட்டை, இங்கே படத்தில் கோடுகள் விலகும், காலே, விலகுகிறதா சொல், என்று கேட்க, கால் சமமானது, மூச்சு இளகியது. கன்னத்தில் அடித்த குளிரும் நின்றது. வெட்டின் தலைமாடு தாண்டிவிட்டது. வலப்பக்கம் திரும்பினாள். இன்னும் எழுபத்திரண்டு. நான்காவது கொட்டையை மாற்றிவிட்டு, படத்தில் தட்டைப்பாறை இருக்கிற இடத்தில் காலை வைத்தாள். காலுக்கடியில் பாறை இருந்தது.

அங்கே நின்றாள். இரண்டு வருஷம் பழகின நிற்றல்தான், ஆனால் இந்தத் தடவை எங்கே நிற்பது என்பதை அவளே முடிவுசெய்திருந்தாள். கத்தவில்லை, கத்தினால் பாறைகள் குழப்பும். எபநேசர் சார் கையிலுள்ள ஊசி ஒன்றுதான் பொய் சொல்லாது. அது சொல்லட்டும் என்று காத்திருந்தாள்.

எவ்வளவு நேரமோ. முதலில் பூட்ஸ் தேய்கிற சத்தம் கேட்டது. அப்புறம் மூட்டத்திலிருந்து ஓர் உள்ளங்கை வந்தது, உள்ளங்கையில் திசைகாட்டி, அதற்குப் பின்னால் ஊசியைவிட்டுக் கண்ணெடுக்காமல் எபநேசர் சார். அந்தத் திசைகாட்டி அவள் தோளில் இடித்த பிறகுதான் நிமிர்ந்து பார்த்தார். மூக்குக்கண்ணாடி முழுக்க நீர்முத்து.

"ஊசி திரும்புச்சும்மா" என்றார். "நேராத்தான் வந்துகிட்டிருந்தேன். கையில இருக்கும்போதே கொஞ்சம் கொஞ்சமா மேட்டுப் பக்கமா திரும்புச்சு. ஏன் திரும்புதுன்னு நின்னுட்டேன். ஒரு கல்லை எடுத்து முன்னால போட்டேன்." அவர் வந்த பக்கம் திரும்பிப் பார்த்தார். "சத்தமே வரல."

வீரசின்னம்மாள் அவர் கையைப் பிடித்துப் பாறையின் நடுவுக்கு இழுத்து நிறுத்தினாள்.

"நீ நடந்தியாம்மா? இந்த மூட்டத்துலயா?"

"நடந்தேன் சார். நானூறு மீட்டரு."

எபநேசர் சார் பாறைமேல் பொத்தென்று உட்கார்ந்தார். அறுபத்திரண்டு வயது மனுஷர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிற சாக்கில் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு, மனசிலே கிடந்து உறுத்திய இன்னொன்றையும் சொல்லிவிட்டார்: "மரத்துகிட்ட நின்னு பார்த்தேன், மூட்டம் வர்றதுக்கு முந்தி. கூடாரம் குறியிலேயேதான் இருக்கு. எங்கயாவது பிசகியிருக்கும்னு நினைச்சுத்தான் போனேன். பிசகல."

வெயில் ஏறி மூட்டம் கலைந்தபோது கூடாரத்தடியில் வைத்து, முழங்கால்மேல் எழுதுகிற அட்டையை வைத்துப் படிவத்தில் கையெழுத்துப் போட்டார். வீரசின்னம்மாள் தன் பெயருக்குப் பக்கத்தில் வழிகாட்டி என்று எழுதியிருந்ததை எழுத்துக்கூட்டி ஒரு தடவையும், கூட்டாமல் இரண்டு தடவையும் படித்தாள். சந்தோஷம் தாங்கவில்லை அவளுக்கு. ரிஸ்வானா கட்டிப்பிடித்துக்கொண்டாள், அண்ணனும் தம்பியும் ஏழு ஊருக்கும் கேட்கும்படி விசிலடித்தார்கள்.

"சரி சரி, டெண்டைப் பிரிங்க, வெயில் உறைக்கிறதுக்கு முன்னால எறங்கணும்" என்றாள் அவள். "மூணு பேரு இல்ல, நாலு பேரும். சார், அந்த ஓரத்து முளைய நீங்க பிடுங்குங்க."

"இதோ பிடுங்குறேம்மா" என்று எபநேசர் சார் குனிந்தார்.

கீழே ஊருக்கு அவள் எழுந்து நடந்த விஷயம் முன்பே தெரிந்திருந்தது. செல்லப்பாண்டி முக்காலிமேல் திசைகாட்டியை வைத்துக்கொண்டு ராத்திரி முழுக்கக் கண்கொட்டாமல் உட்கார்ந்திருந்தார். காலையில் ஊசி ஒரு மயிரிழை நகர்ந்ததைப் பார்த்து, "எம்பொண்டாட்டி எங்கயோ வேகமா போறா" என்று தெருவுக்கு ஓடிவந்தார். மத்தியானம் அவள் முன்னாலும் மற்ற நாலு பேர் பின்னாலுமாக இறங்கி வந்தபோது உறுமிமேளத்தோடு ஊரே அடிவாரத்தில் நின்றது. மேளத்தை விலக்கிக்கொண்டு கதிரேசன் கையில் தட்டோடு முன்னால் வந்தார்.

"தாயி, வர்ற வெள்ளிக்கெழம கீழத்தெரு ஒண்டிவீரன் வீட்டுக்கு அஸ்திவாரம். வடக்கே வந்து உக்காரணும்."

வீரசின்னம்மாள் தட்டைப் பார்த்தாள். வெற்றிலையிலிருந்து ஒன்றை மட்டும் எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

"வெள்ளிக்கெழம எனக்கு மலையில ஆளு இருக்குண்ணே. நான் போற எடத்துக்குப் போவேன். ஊசி எங்குட்டுக் காட்டுதோ, வீட்டை நீங்க அங்குட்டுத் திருப்பிக்கங்க."

கதிரேசன் ஊரைப் பார்த்தார், ஊர் ஒண்டிவீரனைப் பார்த்தது. ஒண்டிவீரன் கொஞ்சம் யோசித்துவிட்டு, அதுவும் சரிதான் என்றார். கீழத்தெருவில் பழைய வீடெல்லாம் தெருவைப் பார்த்திருக்க, ஒண்டிவீரன் வீடு சாய்ந்து திரும்பி, கூனன்மலையைப் பார்த்தபடி இன்றைக்கும் நிற்கிறது. அதற்கப்புறம் கட்டினவர்கள் எல்லோரும் அப்படியே கட்டினார்கள், கேட்டால் அதுதான் வடக்கு என்கிறார்கள், காற்றும் நன்றாகத்தான் வருகிறது.